மூன்ஸ்டோன் நாவலை எப்படிப் படிப்பது? யாராவது முடிவைச் சொல்லிவிடுவதற்கு முன்

ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ துப்பறியும் நாவலை ஆசையாக எடுத்துவிட்டு ஐம்பதாவது பக்கத்திலேயே மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். நானும் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். மூன்ஸ்டோன் என்ற வைரம் காணாமல் போனது தெரிவதே பதினோராவது அத்தியாயத்தில்தான். அதுவரை எழுபது வயதைத் தாண்டிய ஒரு வீட்டுக் காரியஸ்தர், பெட்டரெட்ஜ் என்று பெயர், குடும்பக் கதை, மகள் கதை, தான் வேதம் மாதிரி நம்பும் ராபின்சன் குரூசோ நாவல் என்று பேசிக்கொண்டே போவார். இரண்டாவது தடவை அவசரப்படாமல் அவர் பேச்சைக் கேட்டபோதுதான் இந்த நாவல் எனக்குப் பிடிபட்டது.

புத்தகம் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் பதிப்பு வாங்கினால், தயவுசெய்து முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நான் வாங்கிய பதிப்பில் இருந்த நீண்ட ஆய்வுரை, மூன்றாவது பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டது. விக்கிப்பீடியா பக்கமும் போகாதீர்கள்.

ஆனால் முன்கதையைத் தாண்டிவிடக் கூடாது, அது வேறு. 1799-ல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்த நாளில், ஹெர்ன்காஸ்டில் என்ற ஆங்கிலேய அதிகாரி ரத்தம் சிந்தி அந்த வைரத்தை எடுக்கிறான். சந்திர தெய்வத்தின் நெற்றியில் இருந்த கல் அது. அதைத் தேடி மூன்று பிராமணர்கள் இங்கிலாந்து வரை வருகிறார்கள், கதையில் வருகிற பலருக்கும் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான். நாவல் வெளிவந்த 1868-ல், 1857 கிளர்ச்சி வெடித்துப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது, இந்தியர்கள் மேல் ஆங்கிலேயருக்குக் கோபம் ஆறவில்லை. அந்த நேரத்தில் ஓர் ஆங்கிலேயர் ‘முதல் திருட்டு நம் ஆள் செய்தது’ என்று கதையைத் தொடங்க ஒரு துணிச்சல் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அந்த மூவர் வரும் இடமெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

அப்புறம் வேகம். இது 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 32 வாரம் வந்த தொடர்கதை. நம் வீடுகளில் வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருப்பார்களே, அந்த ரகம். ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கி போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார் காலின்ஸ், அதனால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு அத்தியாயம் போதும், மீதியை நாளைக்கு என்று வைத்துவிட்டால் அந்தக் கொக்கி ராத்திரி முழுக்க வேலை செய்யும்.

பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். கதையை ஒருவரே சொல்வதில்லை, பலர் மாறி மாறி எழுதித் தருகிறார்கள், ஆளாளுக்குத் தான் நேரில் அறிந்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. கிட்டத்தட்ட நீதிமன்ற சாட்சி மாதிரி. அதனால் என்ன நடந்தது என்பதோடு, யார் சொல்கிறார், அவர் எங்கே நின்றார், யார் மேல் அவருக்குப் பாசம், யாரைக் கண்டால் ஆகாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டரெட்ஜ் பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் எஜமானி வீட்டுப் பெண் மேல் உயிரையே வைத்திருக்கிறார். மிஸ் கிளாக் வந்ததும் குரலே மாறிவிடும், பக்தி பேசும் அந்தப் பெண் தன்னை அறியாமல் கொட்டுகிற தகவல்களைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

நேரத்தைக் குறிப்பது இன்னும் முக்கியம். கதவுச் சாயத்தையே பாருங்கள். எஜமானியின் மகள் ரேச்சலும் உறவினர் பிராங்க்ளின் பிளேக்கும் அவள் அறைக் கதவில் படம் வரைகிறார்கள். பூட்டுக்குப் பக்கத்தில் கடைசித் துண்டு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு முடிகிறது. அது காயப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அன்று ராத்திரி வைரம் போய்விடுகிறது, காலையில் சாயத்தில் ஒரு சின்னத் தீற்றல். பதினொரு மணிக்கு வேலைக்காரப் பெண்கள் கூட்டமாக வந்தபோது பாவாடை உரசியிருக்கும், அற்ப விஷயம் என்று தள்ளிவிடுகிறார் உள்ளூர் போலீஸ் அதிகாரி. லண்டனிலிருந்து வந்த சார்ஜென்ட் கஃப், ரோஜாச் செடி என்றால் உருகுகிற மனிதர், அற்ப விஷயம் என்று ஒன்றைத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்கிறார். விடிகாலை மூன்று மணிக்கே காய்ந்த சாயம் பதினொரு மணிக்கு எப்படிக் கலையும்? ராத்திரி பன்னிரண்டுக்குக் கதவைப் பார்த்த பெட்டரெட்ஜின் மகள் பெனலோப்பி தீற்றல் இல்லை என்கிறாள். அப்படியானால் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே யாரோ போயிருக்கிறார்கள், அவர்கள் துணியில் அந்தச் சாயம் ஒட்டியிருக்கிறது. இந்தக் கணக்கை கஃப் வாயைத் திறப்பதற்கு முன் நீங்களே உங்கள் தாளில் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் சந்தோஷமே தனி. இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

இந்தத் துணி விவகாரத்துக்கு நிஜ வாழ்க்கையில் ஒரு வேர் உண்டு. 1860-ல் ரோடு என்ற ஆங்கிலக் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டில் நடந்த குழந்தைக் கொலையில், காணாமல் போன ஓர் இரவு உடையை வைத்து அந்த வீட்டுப் பெண்ணையே சந்தேகப்பட்டார் ஸ்காட்லாந்து யார்டு எனும் லண்டன் போலீஸின் துப்பறியும் அதிகாரி ஜொனாதன் விச்சர். கௌரவமான குடும்பத்துப் பெண்ணைச் சொல்லலாமா என்று பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன. 1865-ல் அந்தப் பெண்ணே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மாளிகைக்குள் நுழையும் போலீஸ்காரரை வீட்டார் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது இதைத் தெரிந்துகொண்டு படித்தால் உறைக்கும்.

நடுவில் தொய்வு வரும், சரி, வரட்டும். எஸ்ரா ஜென்னிங்ஸ் என்ற மனிதர் வரும் வரை மட்டும் விடாதீர்கள். நோயோடும் வலியோடும் அபினை நம்பி வாழ்கிற அவருடைய நாட்குறிப்புதான் என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர். காலின்ஸும் கீல்வாதத்தில் துடித்துக்கொண்டு, அம்மாவைப் பறிகொடுத்துக்கொண்டு, அபின் மருந்து குடித்தபடிதான் இதை எழுதினார்.

முடித்ததும் புத்தகத்தை உடனே அலமாரியில் வைத்துவிடாமல் ரேச்சலின் பிறந்தநாள் விருந்து வரும் பத்தாவது அத்தியாயத்தை இன்னொரு தடவை படியுங்கள். நான் அங்கே ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் தடவை அதைச் சாதாரண விருந்துப் பேச்சு என்று தாண்டிப் போயிருந்தேன்.