911 மையத்தில் கடிகாரங்கள் ஒத்துப்போகாதபோது: என் அனுபவம்

அமெரிக்காவில் ஐபி (இணைய நெறிமுறை) வழி இயங்கும் ஒரு 911 (அவசர உதவி எண்) மையம். அழைப்பு சர்வரைவிடக் குரல் பதிவு சர்வரின் கடிகாரம் 3 வினாடி பின்தங்கியிருந்தது. அழைப்பு வருமுன்பே ஆபரேட்டர் பேசத் தொடங்கியதாக அறிக்கை காட்டியது. வழக்கு என்று வந்தால் இந்த அறிக்கை நிற்காது.

பதிவு சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதில் க்ரோனி (நெட்வொர்க் வழி கடிகாரத்தைச் சரிசெய்யும் மென்பொருள்) ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருள்) கருவியும் ஹோஸ்டின் (அவை ஓடும் நிஜக் கணினியின்) நேரத்தை அவ்வப்போது அதில் திணித்தது. ஹோஸ்டில் என்டிபியே (நெட்வொர்க் வழி நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) இல்லை. திணிப்பதை நிறுத்தி, ஹோஸ்டுக்கும் என்டிபி கொடுத்ததும் இழுபறி நின்றது.

நேர மூலங்கள் இரண்டே இருந்தன. இரண்டும் முரண்பட்டால் எது தவறு என்று தெரியாது. நான்கு வையுங்கள், ஒன்று விழுந்தாலும் மீதி மூன்றில் பெரும்பான்மை கிடைக்கும். லீப் வினாடியை (யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் வினாடி) ஒரே தாவலாக இன்றிச் சிறுகச் சிறுகப் பரப்பித் தரும் பொது சர்வர்களை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

க்ரோனி அமைப்பில் ‘மேக்ஸ்டெப் 1 3’ போதும்: வித்தியாசம் 1 வினாடிக்கு மேல் என்றால், முதல் 3 திருத்தங்களில் மட்டும் கடிகாரம் ஒரேயடியாகத் தாவும். 3க்குப் பதில் -1 போட்டால் இந்த வரம்பு போய், அழைப்பின் நடுவிலும் கடிகாரம் பின்னோக்கித் தாவக்கூடும். பதிவு வரிசை குலையும்.

‘க்ரோனிசி சோர்சஸ்’ கட்டளை கொடுத்து, ஒவ்வொரு நேர மூலத்துக்கும் ரீச் 377 வருகிறதா பாருங்கள்: கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்தது என்று பொருள். 0 என்றால் முதலில் ஃபயர்வாலில் யுடிபி 123 (என்டிபி பயன்படுத்தும் போர்ட்) திறந்திருக்கிறதா பாருங்கள். வித்தியாசம் சரியாக 18 வினாடி என்றால், ஜிபிஎஸ் கடிகாரம் யுடிசிக்கு மாற்றாமல் ஜிபிஎஸ் நேரத்தையே தருகிறது.