மலாய் ‘கெனா’: எங்கே ‘பட்டது’, எங்கே ‘வேண்டும்’?

மலேசியாவுக்கு வேலைக்கு வந்து மலாய் பழகுகிறவர்கள் நாள் முழுக்கக் கேட்கும் வினைச்சொல் ‘கெனா’. தீபகற்ப மலேசியாவில் பெரும்பாலும் அதன் கடைசி ‘ஆ’ மங்கலாகத்தான் ஒலிக்கும். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கில் தெளிவாகக் கேட்கும்.

படி 1: பின்னால் பெயர்ச்சொல் வந்தால் நம் ‘படு’வை நினைத்துக்கொள்ளுங்கள். ‘கெனா ஹூஜான்’ என்றால் மழையில் நனைந்தாயிற்று. ‘கெனா டெங்கி’, ‘கெனா சமன்’ (அபராதச் சீட்டு வாங்குவது) எல்லாம் இந்த வகைதான். பெரும்பாலும் வேண்டாத சங்கதிகளுக்கே வரும். ஆனால் லாட்டரி விழுந்தாலும் ‘கெனா’தான்!

படி 2: பின்னால் வினை வந்தால், அந்தச் செயலைச் செய்கிறவர் யார் என்று பாருங்கள். ‘சாயா கெனா பாயார்’: பணம் கட்டுவது நான், ஆகவே ‘நான் கட்ட வேண்டும்’. ‘டியா கெனா தங்காப்’: பிடிப்பது வேறு யாரோ, ஆகவே ‘அவன் பிடிபட்டான்’. இதையே ‘போலீஸ் கெனா தங்காப் டியா’ என்று மாற்றினால், ‘போலீஸ் அவனைப் பிடிக்க வேண்டும்’ என்றாகிவிடும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ‘டியா கெனா கீகிட் அஞ்ஜிங்’ என்பதில் ‘கீகிட்’ கடித்தல், ‘அஞ்ஜிங்’ நாய். சொல்வரிசையை மட்டும் நம்பினால், ‘அவன் நாயைக் கடிக்க வேண்டும்’ என்றும் பொருள் கொள்ளலாம். உண்மையில் அவனை நாய் கடித்துவிட்டது. இங்கே இலக்கணம் கைகொடுக்காது. உலக நடப்புதான் துணை.

படி 3: எதிர்மறை. ‘கட்ட வேண்டியதில்லை’ என்பதற்கு ‘தாக் பெர்லு பாயார்’ என்று சொல்லிப் பழகுங்கள். ‘தாக் கெனா’ பல இடங்களில் ‘சரியாக இல்லை’ என்று பொருள்படும். ‘ஆடா யாங் தாக் கெனா’ என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

தேர்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வேண்டும்’ என்ற பொருளில் ‘கெனா’வைத் தவிர்த்து ‘பெர்லு’ அல்லது ‘மெஸ்தி’ எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இலவச இணைய அகராதியைப் பாருங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பை இந்தச் சொல்லுக்கு நான் நம்புவதில்லை.

பின்சேர்க்கை: ‘கெனா மாரா டெங்ஙான் சிக்கு’ பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘டெங்ஙான்’ வழக்கமாக ‘உடன்’தான். பேச்சில், ‘கெனா’வோடு வரும்போது, அது ‘ஆல்’ ஆகிவிடும். ஆசிரியரிடம் திட்டு வாங்கினான், அவ்வளவுதான். ஆசிரியரோடு சேர்ந்து வாங்கவில்லை.