பெருந்தமனிக் கீற்றை இழுத்துச் சோதிப்பது எப்படி

உடலுக்குள் இருக்கும் பெருந்தமனி (இதயத்திலிருந்து புறப்படும் முதன்மை இரத்தக்குழாய்) நீளவாக்கில் எப்போதும் இழுபட்டே இருக்கிறது. வெட்டி எடுத்ததும் அது சுருங்கிவிடும். இளவயதினரிடம் இச்சுருக்கம் கண்ணுக்கே தெரியும், முதியவரிடம் மிகக் குறைவு. ஆகையால், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உரியவர்களின் ஒப்புதலும் கிடைத்த பிறகு, துண்டை எடுத்துத் தரும் மருத்துவரிடம் வெட்டுவதற்கு முன்பே சுவரின் மேல் இரண்டு மைப்புள்ளிகள் இட்டு இடைவெளியை அளந்து தரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஓர் அளவு தவறினால் பின்னர் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. முதன்முறை செய்பவர்கள் இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டின் பெருந்தமனியில் கைபழகிக்கொள்வது நல்லது.

கீற்று வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையத்தை நறுக்கி, 37 டிகிரி செல்சியஸ் உப்புக்கரைசலில் மிதக்கவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் கத்தரியுங்கள். வளையம் மெல்ல வாய்பிளந்து, குதிரை லாடம் போல் விரிந்து நிற்கும். இரத்த அழுத்தம் சிறிதும் இல்லாத நிலையிலும் உட்புறம் அமுங்கியும் வெளிப்புறம் இழுபட்டும் இருந்ததற்கு அதுவே சான்று. சுவாங், ஃபங் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் விளக்கியபடி, சுமையே இல்லாதபோதும் சுவருக்குள் தங்கியிருக்கும் இந்த எஞ்சிய தகைவு (தகைவு என்பது ஓரலகுப் பரப்பின் மீதான விசை) இல்லாவிடில் இரத்த அழுத்தம் ஏறும்போது உட்சுவரே பெரும்பங்குச் சுமையைத் தாங்க நேரிடும். அரை மணி நேரம் கழித்துப் படமெடுத்து, உள்விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து இரு முனைகளுக்கும் வரையும் கோடுகளின் இடைக்கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தேவையற்ற வேலையென்று விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் முழுச் சோதனையிலும் செலவு குறைந்த, பயன் மிகுந்த பகுதி இதுதான்.

சுற்றுவாக்கிலும் நீளவாக்கிலும் கீற்றுகளைத் தனித்தனியே வெட்டுங்கள். திசைக்குத் திசை விறைப்பு வேறுபடும். தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்தால் அதன் தாடை ஈரத் திசுவை அமுக்கிவிடும் என்பதால், விளிம்பைப் பக்கவாட்டில் படமெடுத்து அளப்பதே சரி. இழுவைக் கருவியில் கீற்றின் முனைகளைப் பற்றும் பிடிப்பானில் திசு வழுக்குவதுதான் பெரிய தொல்லை. கீற்றின் இரு முனைகளிலும் உப்புத்தாள் துண்டுகளை ஒட்டிப் பிடித்தால் அது பெரும்பாலும் தீரும். எனினும் நீட்சியைப் பிடிப்பான்களின் நகர்விலிருந்து கணக்கிடாமல், கீற்றின் நடுவில் இட்ட புள்ளிகளைக் கேமராவால் தொடர்ந்து கணக்கிடுங்கள்.

முதல் இழுப்பில் கிடைக்கும் விசை-நீட்சி வளைகோட்டை நம்பக் கூடாது. ஒரே உச்ச அளவு வரை ஐந்து முதல் பத்து முறை இழுத்துத் தளர்த்தினால், அடுத்தடுத்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியத் தொடங்கும். உச்ச அளவை உயர்த்தினால் மறுபடியும் இதே பழக்குதல் தேவை. படிந்த பிறகும் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றாகாது. இடைப்பட்ட பரப்பு திசு வெப்பமாக இழந்த ஆற்றல்.

கணக்கு எளியது. 5 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள கீற்றில் 1 நியூட்டன் விசை என்றால் தொடக்கப் பரப்பின்படி தகைவு 100 கிலோபாஸ்கல். அப்போது நீளம் 1.3 மடங்காகியிருந்தால், திசுவின் பருமன் மாறாததால் பரப்பு அதே விகிதத்தில் சுருங்கி, உண்மைத் தகைவு 130 கிலோபாஸ்கல் ஆகிறது.

கிடைக்கும் கோடு முதலில் தாழ்வாகச் சென்று பிறகு செங்குத்தாக எழும். தாழ்ந்த பகுதியில் எளிதில் நீளும் எலாஸ்டின் புரதம் சுமை தாங்க, நெளிந்து கிடந்த விறைப்பான கொலாஜன் புரத இழைகள் நிமிர்ந்ததும் விறைப்பு ஏறுகிறது. 1957இல் ரோச், பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மனித இலியாக் தமனிகளில் (இடுப்புப் பகுதித் தமனிகள்) டிரிப்சின் நொதியால் எலாஸ்டினையும் ஃபார்மிக் அமிலத்தால் கொலாஜனையும் தனித்தனியே நீக்கி இதைக் காட்டினார்கள். எனவே “யங் குணகம் (விறைப்பின் அளவு, அதாவது தகைவு-நீட்சிக் கோட்டின் சாய்வு) இவ்வளவு” என்று ஒற்றை எண்ணைத் தருவது பொருளற்றது. எந்தத் தகைவில் எடுத்த சாய்வு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 12 மி.மீ. ஆரமும் அழுத்தம் ஏறிய நிலையில் 1.5 மி.மீ. தடிமனும் கொண்ட பெருந்தமனியில் 100 மி.மீ. பாதரச அழுத்தம் சுற்றுவாக்கில் ஏறத்தாழ 107 கிலோபாஸ்கல் தகைவைத் தருவதால், சுற்றுவாக்குக் கீற்றில் சாய்வை எடுக்க அதனை ஒட்டிய இடமே பொருத்தமானது.

அறுபடும் வரை இழுப்பதானால், பிடிப்பானை ஒட்டி அறுந்த கீற்றின் வலிமை அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.