ஜெற் எஞ்சினை விட்டு வன்னியில் பட்டறை போடுபவர்களுக்கு

வெளிநாட்டு விமானப்படை ஒன்றில் ஜெற் எஞ்சின் திருத்துநராக இருந்துவிட்டு, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் வந்து இருக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. இனி உங்கள் கைக்கு வரப்போவது லான்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மிசின்), தண்ணி இறைக்கிற பம்ப், வெட்டு மிசின். கனடாவின் சிஎஃப்-18 இல் இருக்கும் எஃப்404 எஞ்சினை முழுதாய்ப் பிரித்துப் பூட்டத் தெரிந்தாலும் அந்த அறிவுக்கு இங்கே வேலை குறைவு. அந்த எஞ்சினோடு நின்று கை பழகிய ஒழுங்குக்குத்தான் இங்கே பெறுமதி.

படையை விட்டு விலகுவதற்கு முன்னமே கடதாசிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த எஞ்சின், ஓடுபாதையோர வேலையா பட்டறை வேலையா, எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் தகுதி இருந்ததா, எத்தனை மாதம் என்று மேலதிகாரியின் கையெழுத்தோடு வாங்குங்கள். ஆள் மாறிய பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். சிவில் விமானத் திருத்துநர் உரிமம் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கடதாசிதான் அத்திவாரம். அமெரிக்காவில் விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவம் காட்டவேண்டும், ஒன்றுக்கு மட்டும் என்றால் 18 மாதம். ஐரோப்பிய உரிமத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுக்கவேண்டும். படை அனுபவம் மட்டும் போதாது, சிவில் விமானங்களில் செய்த வேலையும் கேட்பார்கள். கடைசி நாளுக்கு முன் காதுப் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையின் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். காது இரைச்சல் பல வருடம் கழித்தும் வரும். அப்போது ஆதாரமாக நிற்பது அந்த அறிக்கைதான்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு விசயத்தில் கவனம் தேவை. வன்னியில் ஜெற் என்றால் போர்க்காலத்தில் குண்டு போட்ட கிபிர். அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்தவர்கள்தான் உங்கள் அயலவர்களும் வாடிக்கையாளர்களும். பெயர்ப்பலகையில் 'எஞ்சின் திருத்தம்' என்று மட்டும் போடுங்கள், விமானப் படம் வேண்டாம். சைலென்சர் கழற்றிய எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டி வந்தால் பக்கத்து வீட்டுக்கு முதலே சொல்லுங்கள்.

முதல் நாளே செய்யவேண்டியது கருவிப் பலகை. ஒட்டுப்பலகை ஒன்றுக்கு வெள்ளை அடித்து, ஒவ்வொரு ஸ்பனரையும் வைத்து அதன் உருவத்தைக் கறுப்பால் கீறி, ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். எஞ்சினைத் திறக்கும் முன் ஒரு எண்ணிக்கை, மூடும் முன் ஒரு எண்ணிக்கை. பலகையில் ஒரு கறுப்பு உருவம் வெறுமையாகத் தெரிந்தால் எஞ்சினை ஸ்ராட் பண்ணக்கூடாது. ஜெற்றில் தவறிய ஒரு நட்டு காற்றை அமுக்கும் பகுதியின் (கொம்பிரசர்) சுழல் அலகுகளை அடுக்கடுக்காகக் கடித்துக்கொண்டு போகும். ஒற்றைச் சிலிண்டர் டீசலில் அதே நட்டு உள்ளெடுக்கும் குழாயால் இறங்கினால் பிஸ்டனும் வால்வும் போய்விடும். பழந்துணியையும் எண்ணுங்கள். அதிகம் தவறுவது துணிதான்.

வன்னியில் எஞ்சினைத் தின்பது புழுதி. சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் ரோட்டில் ஓடும் லான்மாஸ்ரரின் எயர் கிளீனரைத் தினமும் திறக்கவேண்டும். ஒயில் தட்டு உள்ள வகையென்றால், அடியில் சேறு படிந்த ஒயிலை ஊற்றிவிட்டு, தட்டில் இருக்கும் கோடு வரைக்கும் புது ஒயில் விடுங்கள். கோட்டுக்கு மேலே விட்டால் எஞ்சின் அந்த ஒயிலை உறிஞ்சி எரித்து, அக்சிலேட்டரைக் குறைத்தாலும் நிற்காமல் வேகமெடுக்கும். பிறகு எயர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் றப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால் குழாயில் வெடிப்பு இருக்கிறது, அல்லது கிளிப் இறுகவில்லை. ஜெற்றின் வாய்க்குள் பொக்கற்றை வெறுமையாக்கிவிட்டு ரோர்ச்சோடு ஊர்ந்துபோய்ப் பார்த்த அதே பார்வைதான் இது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் றிங் தேய்ந்து, புகை தள்ளி, போறிங்குக்கு வரும் எஞ்சின்கள் ஏராளம்.

ஹெட் நட்டுகளுக்கு ரோர்க் ஸ்பனர் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பனர்) கட்டாயம். கை உணர்வை நம்பவேண்டாம். மூலைக்கு மூலை மாறி மாறி, மூன்று சுற்றில் இறுக்குங்கள்: முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு, கடைசியில் முழு அளவு. அளவை அந்த எஞ்சினின் புத்தகத்தில் இருந்து மட்டும் எடுங்கள். உலர்ந்த புரிக்கு எழுதிய அளவை ஒயில் பூசிய புரியில் பிடித்தால், உராய்வில் போகவேண்டிய விசையும் ஸ்ரட்டை (நட்டு ஏறும் புரித்தண்டை) நீட்டப் போய்விடும். ஸ்ரட் இழுபட்டு கேஸ்கெற் ஊதுவது இதனால்தான். வேலை முடிந்ததும் ரோர்க் ஸ்பனரை அதன் ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

போல்ற் தானாகக் கழராமல் பிடிக்கும் பூட்டுக் கம்பி கட்டத் தெரிந்திருப்பது பெரிய சொத்து. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நடுங்கி நடுங்கி சைலென்சர் போல்ற்றைக் கழற்றிவிடும். தலையில் துளை உள்ள போல்ற் போட்டு, 0.8 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியை அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு வரும்படி முறுக்கி, இறுக்கும் பக்கமாக இழுக்குமாறு கட்டுங்கள். நுனியை உள்ளே மடியுங்கள், இல்லையென்றால் அடுத்தவரின் கையைக் கிழிக்கும். ஒருமுறை கழற்றிய கம்பியைத் திரும்பப் பாவிக்கக்கூடாது.

ஒயில் பார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், இதில்தான் ஜெற் ஆளின் கண் தனித்துத் தெரியும். படையில் ஒயில் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, இரும்பும் செம்பும் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு ஒயிலை வெள்ளைச் சட்டிக்குள் இறக்குங்கள். காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, அந்த ஒயிலில் மெதுவாகச் சுற்றி எடுத்து, ஒட்டியதை வெள்ளைத் தாளில் துடையுங்கள். கண்மை போல வழுவழுப்பாக இருந்தால் வழமையான தேய்மானம். விரலிடையில் உரசும்போது நறநறத்தாலோ, ஊசி போல, செதில் போல மின்னினாலோ கியர் பல்லோ பெயரிங்கோ உடைகிறது. மிஞ்சிய ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்மஞ்சள் துகள் என்றால் கொனெக்ரிங் றொட்டின் சின்னப் பக்கத்து புஷ். சாம்பல் நிற மென்துகள் என்றால் பெரிய பக்கத்து பெயரிங், அல்லது பிஸ்டன். காலபோக உழவு தொடங்கும் முன், புரட்டாசியிலேயே இதைச் செய்து சொல்லிவிட்டால், விதைப்பு நேரம் வயலுக்குள் மிசின் நின்றுபோய் ஒரு குடும்பம் போகத்தை இழக்காது.

டீசல் நொசிலைச் சோதிக்கும்போது தாரைக்கு முன்னால் கையைக் காட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னப் பொட்டாகத் தெரிந்தாலும் உடனே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும்.

பழைய இரும்பு என்று யாராவது உருளையோ குழாயோ மண் ஒட்டிய வடிவில் கொண்டுவந்தால் பட்டறைக்குள் எடுக்கவே வேண்டாம். வெட்டவோ, சூடுகாட்டவோ, தட்டிப் பார்க்கவோ வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். இந்த மண்ணில் இன்னும் வெடிக்காத குண்டுகள் இருக்கின்றன.

பட்டறை சரிவராது என்று நினைப்பவருக்கு மன்னார்த் தீவு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே தம்பபவனியில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. போல்ற் இறுக்கம், கியர்பொக்ஸ் ஒயில், அலகு வெடிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான், உயரம் மட்டும் புதிது. உள்ளூர்த் தகுதி கேட்டால், முன் அனுபவத்தை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது.

ஒவ்வொரு மிசினுக்கும் ஒரு கொப்பி வையுங்கள்: திகதி, ஓடிய மணித்தியாலம், ஒயிலில் கண்டது, மாற்றிய சாமான், இறுக்கிய அளவு, செய்தவரின் கையெழுத்து. பழகவரும் பெடியன் இறுக்கிய ஹெட்டை இன்னொருவர் ரோர்க் ஸ்பனரால் சரிபார்த்து, அவரும் கையெழுத்துப் போடவேண்டும். கொப்பியை மிசினின் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், மூடி உள்ள டப்பாவுக்குள் போட்டு.