நார்த் கரோலினாவில் கம்யூனிட்டி காலேஜ்: சேருமுன் கவனிக்க வேண்டியவை

ராலி, கேரி, சார்லட் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் பலர் கம்யூனிட்டி காலேஜை நம்மூர் பாலிடெக்னிக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. 1957-இல் மாநிலச் சட்டமன்றம் தொழிற்சாலைகளுக்கு ஆள் பழக்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. முதல் மையம் 1958-இல் பர்லிங்டனில் திறந்தது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் கற்பிக்கும் கல்லூரிகள் தனியாக நடந்துவந்தன. டெர்ரி சான்ஃபோர்ட் ஆளுநராக இருந்த 1963-இல் வந்த சட்டம் இரண்டையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. சார்லட்டின் சென்ட்ரல் பீட்மான்ட் அப்படி இரண்டு நிறுவனங்களை இணைத்து உருவானதுதான். இன்று மாநிலத்தில் 58 கல்லூரிகள் இருக்கின்றன.

கூரை ஒன்றானாலும் வாசல் இன்னும் இரண்டுதான். ஏ.ஏ. (அசோசியேட் இன் ஆர்ட்ஸ்), ஏ.எஸ். (அசோசியேட் இன் சயன்ஸ்) என்ற இரண்டாண்டுப் பட்டங்கள் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு. ஏ.ஏ.எஸ். (அசோசியேட் இன் அப்ளைடு சயன்ஸ்) நேரே வேலைக்குப் போவதற்கு. 1997 முதல் நடப்பில் உள்ள, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான ஒப்பந்தப்படி, ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். முடித்தவரின் பாடங்களை மாநிலத்தின் 16 அரசுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும்; ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது ‘சி’ வாங்கியிருக்க வேண்டும். ஏ.ஏ.எஸ். பட்டம் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். உதாரணத்துக்கு, மேத் 121 தொழில்நுட்பப் பிரிவுக்கான கணக்கு, ஏ.எஸ். படிப்புக்கு மேத் 171 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். எண்ணைப் பார்க்காமல் பதிவுசெய்தால் ஒரு பருவமே வீண். எந்தப் பல்கலைக்கழகம், எந்த மேஜர் என்று முதல் பருவத்திலேயே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டணம் பல ஆண்டுகளாக மாநில வாசிகளுக்கு ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 76 டாலர், மற்றவர்களுக்கு 268 டாலர் என்று இருந்துவருகிறது. சேரும் ஆண்டின் விகிதத்தைக் கல்லூரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 76 டாலர் கணக்கில் மூன்று கிரெடிட் பாடம் 228 டாலர். வெளியாள் கணக்கில் அதே பாடம் 804 டாலர். இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது கல்லூரி அல்ல, யார் மாநில வாசி என்று முடிவுசெய்யும் ஆர்.டி.எஸ். என்ற மாநிலச் சேவை. விண்ணப்பத்துக்கு முன்பே அதன் இணையப் படிவத்தை நிரப்பி எண் வாங்க வேண்டும். 12 மாதம் இங்கே நிலையாகக் குடியிருந்ததற்கான ஆதாரம் கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, மாநில வரித் தாக்கல். வந்த வாரத்திலிருந்தே இவற்றைத் தேதியோடு எடுத்துவையுங்கள். எல்லாவற்றையும் கணவர் பெயரிலேயே போட்டுவிட்டால், பிறகு மனைவி படிக்க விரும்பும்போது அவர் பெயரில் காட்ட ஒன்றும் இருக்காது. இனிஷியலும் ஒரு தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியிலும் உரிமத்தில் முதலிலும் இருந்தால் கணினி ஆளைச் சேர்த்துப் பார்க்காது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எங்கும் எழுதுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம், மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறத் தேவையில்லை. ஆர்.டி.எஸ். நிபந்தனைகள் பொருந்தினால் மாநில வாசிக் கட்டணமும் கிடைக்கும். எஃப்-1இல் இருந்தால் கிடைக்காது. ஆனால் ஃபாஃப்ஸா என்ற விண்ணப்பம் வழி வரும் மத்திய அரசு உதவிக்கு எச்-4 தகுதியில்லை, கிரீன் கார்டு வேண்டும். சம்பளத்தோடு வரும் இன்டர்ன்ஷிப்புக்கு வேலை அனுமதி அட்டை தேவை. கல்லூரியில் யாரும் சேரலாம் என்றாலும் நர்சிங் போன்ற பிரிவுகளில் இடம் குறைவு, தனித் தேர்வு முறை உண்டு.

பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ‘கேரியர் அண்ட் காலேஜ் பிராமிஸ்’ பற்றிப் பள்ளி கவுன்சிலரிடம் கட்டாயம் கேளுங்கள். டியூஷன் கட்டாமலே கல்லூரிக் கிரெடிட் சேர்க்கலாம்.

பதிவுசெய்த பாடம் ஒத்துவராது என்று தெரிந்தால் வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன்பே விட்டுவிடுங்கள், முழு டியூஷனும் திரும்பும். வகுப்புக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு முடியும்வரை 75 சதவீதம் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது.