டெண்டரில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று எழுதும் முன்

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. தட்டு, டம்ளர், துணிப்பை, குப்பைப் பை என்று சுற்றுவட்டார உள்ளாட்சி அலுவலகங்களில் கொள்முதல் பட்டியல் நீளும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சேர்த்துக் கோப்பை மேலே அனுப்பிவிடுவது வழக்கம். டெல்டாவில் ஓர் ஒன்றிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஊராட்சிச் செயலர்கள் டெண்டர் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “ஒரு பார்வை பாருங்க சார்” என்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்தச் சொல்லைத் தனியாக நிற்க விடாதீர்கள். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி ஒளிவுமறைவின்மைச் சட்டப்படி, ஆவணத்தில் சொன்ன அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட முடியும். குறைந்த விலைக்காரருக்கே வேலை போகும். நீங்கள் எழுதாத தரத்தை நல்ல சப்ளையர் தந்தால் அவர் விலை கூடித் தோற்பார். எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: லாரி வந்து நிற்கும்போது, இது அந்தப் பொருள்தானா என்று ஸ்டோர் கீப்பரால் சொல்ல முடியுமா?

துணிப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘துணிப்பை’ என்று மட்டும் எழுதினால் பாலிப்ராப்பிலின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நெய்யாத பை வந்து இறங்கும். பார்க்கத் துணி மாதிரியே இருக்கும், கையில் பிடித்தாலும் துணி மாதிரிதான். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் இப்படி மூட்டை மூட்டையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பப் போனபோது, “எந்தத் துணின்னு நீங்க எழுதலையே” என்றார் சப்ளையர். அவர் சொன்னதற்கு ஆவணத்தில் பதில் இல்லை.

நான் எழுதச் சொல்லும் வாசகம் இது: “துணிப்பை என்பது தறியில் நெய்த, முழுவதும் பருத்தியாலான துணியில் தைத்த பை. கைப்பிடி, தையல் நூல் உட்பட எப்பகுதியிலும் பிளாஸ்டிக் இழையோ பூச்சோ இருக்கக் கூடாது.” அப்புறம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் துணி, இத்தனை கிலோ எடை தாங்க வேண்டும் என்று சேருங்கள். சோதனையையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பையின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, திறந்த வெளியில் தீக்குச்சி காட்டினால் போதும். பருத்தி என்றால் எரிந்து, விரலால் தொட்டாலே பொடியாகும் சாம்பலாகிவிடும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான ஒரு மணியாக நிற்கும். கைப்பிடியிலும் தையலிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஏமாற்று நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

காகித டம்ளரும் இதே கதை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ளது தடைப் பட்டியலில் வருகிறது. ‘பூச்சு இல்லாத’ என்று எழுதி, வெந்நீரில் ஊறவைத்து உள்பக்கத்தை உரித்துப் பார்ப்பதைச் சோதனையாக வையுங்கள்.

குப்பைப் பைதான் சிக்கலானது. ‘மக்கும் பை’ என்ற ஒரே பேச்சில் மூன்று வேறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. உரமாகும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரம் இருக்கிறது: ஏறக்குறைய 58 டிகிரி சூட்டில், 180 நாட்களுக்குள், கரிமக் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். இரண்டாவது, ‘உயிர்வழிச் சிதையும் பிளாஸ்டிக்’. மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் இதை முதல் வகையிலிருந்து வேறாக வரையறுக்கின்றன. மூன்றாவது, ரசாயனம் கலந்த சாதாரண பாலித்தீன். வெயிலில் துண்டு துண்டாக உடைந்து வயலில் கிடக்கும், அவ்வளவுதான். நீங்கள் முதல் வகையைக் கேட்கிறீர்கள் என்றால் தர எண்ணையும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழையும் வரையறைக்குள்ளேயே எழுதுங்கள். கூடவே, எங்கே மக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். அந்த 58 டிகிரி சூடு உரக்குவியலில் கிடைக்கும், அரசலாற்றுத் தண்ணீரில் கிடைக்காது. உங்கள் ஊரில் உரக்கூடம் ஓடவில்லை என்றால் அந்தப் பைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இனி காகிதம். நம் காவிரிக் கரையில், கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் சக்கைக் காகிதம் மறுசுழற்சிக் காகிதம் ஆகாது. ‘மறுசுழற்சி செய்த காகிதம்’ என்று எழுதினால் அதைத் தள்ள வேண்டிவரும். இரண்டும் சம்மதம் என்றால் இரண்டையும் தனித்தனியாக வரையறுங்கள். மறுசுழற்சிக்கு என்ன கணக்கு என்பதில் அமெரிக்க அரசின் கொள்முதல் விதிகளிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: உற்பத்தியின்போது விழுந்து, அதே உற்பத்தியில் வழக்கமாகத் திரும்பப் போடும் கழிவை ‘மீட்ட பொருள்’ கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. மக்கள் பயன்படுத்தி எறிந்ததற்குத் தனி வரையறை வைத்திருக்கிறார்கள். நாமும் ‘எடையில் இத்தனை சதவீதம், பயன்படுத்தி எறிந்த காகிதத்திலிருந்து’ என்று எழுதலாம்.

பூங்காவுக்கு மண்புழு உரம் வாங்கினால் நீங்களாக எதுவும் யோசிக்க வேண்டாம். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் ஈரப்பதம், கரிமக் கார்பன், கன உலோகம் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. அதைச் சுட்டினால் போதும்.

நிரூபிக்கும் செலவு யாருடையது என்பதையும் வரையறைக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஆய்வகச் சான்று கேட்டால், பாபநாசத்திலோ வலங்கைமானிலோ தையல் மிஷின் வைத்திருக்கும் மகளிர் குழு உள்ளேயே வர முடியாது. தீக்குச்சியாலும் தராசாலும் தீரும் விஷயத்துக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள். கண்ணால் காண முடியாததற்கு மட்டும் கேளுங்கள். வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்க, முத்திரை வைத்த சாம்பிள் ஒன்றை ஸ்டோரில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வரையறையும் ஆவணத்தின் முன்பக்கம் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் ‘மக்கும்’, இன்னோரிடத்தில் ‘சிதையும்’ என்று மாற்றாதீர்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், பதிலை எழுத்தில் எல்லாருக்கும் அனுப்புங்கள். விளம்பரம் போகும் முன் வரைவை ஸ்டோர் கீப்பரிடம் கொடுங்கள். அவர் பென்சிலால் வட்டம் போடும் சொற்களைத் திரும்ப எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துக்கு வையுங்கள்.