தென்னாப்பிரிக்காவில் முதல் கார்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

ஜோகன்னஸ்பர்க்கில் கார் இல்லாமல் குடித்தனம் நடத்துவது பெரும்பாடு. கௌட்ரெயின் என்ற விரைவு ரயில் சில இடங்களுக்குத்தான் போகும். மினிபஸ் டாக்ஸியை நிறுத்த எந்த ஊருக்கு எந்த விரலைக் காட்டுவது என்று பிடிபடவே நாளாகும். டர்பனிலும் அதே கதைதான். சாட்ஸ்வொர்த் மேட்டில் வீடு, உம்லாங்காவில் வேலை என்றால் பஸ்ஸை நம்பிப் பிழைக்க முடியாது. அதனால் ஊரிலிருந்து வேலைக்கு வரும் நம்மவர்கள் வந்த சூட்டோடு ஷோரூம் வாசலில் நிற்கிறார்கள். விற்பனையாளர் முதலில் தட்டிக் காட்டுவது தொடுதிரையை. அடுத்து பின்பக்கக் கேமரா, அதற்கடுத்து கண்ணாடிக் கூரை.

கார் பற்றி அதிகம் தெரியாமல் முதல் வண்டி வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: பிற்பாடு காசு கொடுத்தாலும் பொருத்த முடியாததை முதலில் பாருங்கள். திரையை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம், கேமராவையும் மாட்டிக்கொள்ளலாம். ஏர்பேக்கையும் பாடியின் உறுதியையும் எஞ்சினின் இழுவையையும் எந்தக் கடையிலும் மாட்டித் தர மாட்டார்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: மாதக் கணக்கு

காரைப் பார்ப்பதற்கு முன்னால் கணக்கைப் போடுங்கள். தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ் நான்கையும் கூட்டினால் வருவதுதான் காரின் விலை. இங்கே வங்கிகள் பொதுவாக 72 மாதம் வரை கடன் தருகின்றன. கூடவே 'பலூன்' என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விலையில் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதாக ஒத்திவைப்பதுதான் அது.

உதாரணமாக 250,000 ரேண்ட் கடன், 12 சதவீத வட்டி, 72 மாதம் என்று வைத்துக்கொள்வோம். பலூன் இல்லாமல் மாதத் தவணை சுமார் 4,890 ரேண்ட் வரும். 30 சதவீதம் பலூன் வைத்தால் சுமார் 4,170. மாதம் 700 சொச்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஆறு வருடம் கழித்து 75,000 ரேண்டை ஒரே தடவையில் எண்ணி வைக்க வேண்டும். மொத்த வட்டியும் 23,000 ரேண்டுக்கு மேல் கூடும். பலூன் போட்டால்தான் அந்தக் கார் கைக்கு எட்டும் என்றால் அது உங்களுக்கான கார் இல்லை. ஒரு படி கீழே உள்ளதைப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம் ஊரிலிருந்து வருபவர்கள் குழம்புவது உண்டு. இங்கே வண்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. பெட்ரோல் விலையோடு வசூலிக்கும் வரியில் நடக்கும் சாலை விபத்து நிதி, ஆளுக்கு அடிபட்டால் மட்டும் இழப்பீடு தரும். காருக்கு ஒரு காசு வராது. எதிரில் வந்து இடிப்பவரிடம் இன்சூரன்ஸ் இருக்கும் என்று நம்பவும் வழியில்லை. ஆகவே முழு இன்சூரன்ஸ் எடுங்கள். கடனில் வாங்கினால் வங்கியே அதைக் கேட்கும். மனதுக்குப் பிடித்த மாடலின் பெயரைச் சொல்லி, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பிரீமியம் விசாரித்துவிடுங்கள். ஒரே விலையுள்ள இரண்டு கார்களுக்குப் பிரீமியம் ஒரே மாதிரி இருக்காது.

படி 2: உயிர் காக்கும் விஷயங்கள்

ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக், ஈஎஸ்சி (வண்டி வழுக்காமல் பிடிப்பது) ஆகிய மூன்றையும் கேளுங்கள். முதலிரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைத்தான் கேட்பதில்லை, மலிவான மாடல்களில் விடுபடுவதும் அதுதான். வளைவில் வண்டி நாம் திருப்பிய பக்கம் போகாமல் வழுக்க ஆரம்பித்தால், ஈஎஸ்சி அதைக் கண்டுபிடித்து, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தானே பிடிக்கும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாயை மழையிலோ மூடுபனியிலோ லாரிகளுக்கு நடுவே கடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஈஎஸ்சி இல்லாத புது மாடலையும் அது உள்ள மூன்று வயது மாடலையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் பழையதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது மோதல் சோதனை. கார்களை மோதிச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏவுடன் சேர்ந்து 2017-இல் இந்நாட்டில் விற்கும் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. டொயோட்டா எட்டியோஸ் நான்கு நட்சத்திரம், போலோ வீவோவும் ரெனோ சாண்டெரோவும் மூன்று, டாட்சன் கோ பிளஸ் ஒன்று, செரி க்யூக்யூ3 பூஜ்யம். இவற்றில் பல இன்றும் பழைய கார் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கின்றன. சல்லிசாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கும்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பெயர், ஒரே உருவம் என்றாலும் நாட்டுக்கு நாடு உள்ளே இருப்பது மாறும். இந்தியச் சந்தைக்கான சுசுகி எஸ்-பிரெஸ்ஸோ 2020 சோதனையில் பூஜ்யம் வாங்கியது. தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பும் மாடல் 2022-இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. இரண்டும் இந்தியாவில் செய்தவைதான். ஆகவே ஊரில் மாமா ஓட்டும் வண்டியை வைத்து இங்குள்ளதை எடைபோடாதீர்கள். கண்டபடி யூடியூபில் தேடாமல், இந்த நாட்டுக்கான சோதனை முடிவையும் இந்த நாட்டு விவரத்தாளையும் பாருங்கள்.

குழந்தை இருந்தால், குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின் சீட்டு இடுக்கில் கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை இங்கே சட்டம்.

படி 3: உங்கள் ஊருக்கு ஏற்ற எஞ்சின்

இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்வதில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிட உயரம். அங்கே காற்று மெலிதானது. டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றை அப்படியே இழுத்துக்கொள்வதால், கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைந்து, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். விவரத்தாளில் 50 கிலோவாட் என்று போட்ட ஒரு லிட்டர் எஞ்சின் அங்கே 42 கிலோவாட் அளவில்தான் இழுக்கும். நான்கு பேர் ஏறி, ஏசி போட்டு, நெடுஞ்சாலையில் 120 வேகத்தில் வரும் கூட்டத்தோடு கலக்கும்போது அந்தக் குறை கால் மிதியில் தெரியும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் பெருமளவு தப்பிக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் குடியிருந்து நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்கள் சிறிய டர்போ அல்லது 1.4, 1.5 லிட்டர் சாதா எஞ்சின் பக்கம் போங்கள். டர்பன், கேப்டவுன் மாதிரி கடலோர ஊர்களில் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு லிட்டரோ 1.2 லிட்டரோ போதும். டர்போ சிக்கலான சாமான், பழுதானால் கையைக் கடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பம்பில் 93, 95 என்று இரண்டு ஆக்டேன் ரகம் இருக்கும். உயரமான ஊர்களில் பெரும்பாலான சாதா எஞ்சின்களுக்கு 93 போதும். டர்போ என்றால் பெட்ரோல் மூடிக்குள் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். உள்நாட்டில் கடலோரத்தைவிடக் கூடுதல்.

இங்கே மைலேஜை 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்பார்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும். 5 லிட்டர் என்றால் லிட்டருக்கு 20 கி.மீ., 6.5 என்றால் 15 சொச்சம். விவரத்தாள் எண்ணைவிட நிஜத்தில் ஒன்று, ஒன்றரை லிட்டர் கூடத்தான் குடிக்கும்.

படி 4: சக்கரமும் டயரும்

குழிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அலாய் சக்கரம் பெரிதாக, டயரின் பக்கச்சுவர் ஒல்லியாக இருந்தால் பார்க்க மிடுக்காக இருக்கும், ஒரு குழியில் விழுந்தால் இரண்டுக்கும் சேர்த்துச் செலவு. 14, 15 அங்குலச் சக்கரத்தில் தடித்த டயர் போட்ட வண்டி நிம்மதி.

டிக்கியைத் திறந்து உபரிச் சக்கரத்தைப் பாருங்கள். முழு அளவா, ஒல்லியான தற்காலிகச் சக்கரமா? ஒல்லியானதை இங்கே 'மேரி பிஸ்கட்' என்று கிண்டல் செய்வார்கள். அதை மாட்டிக்கொண்டு 80-க்கு மேல் போகக் கூடாது. ஹாரிஸ்மித்துக்கும் வில்லியர்ஸுக்கும் நடுவே ராத்திரியில் டயர் வெடித்தால் அந்த பிஸ்கட்டில் ஊர்ந்துதான் வீடு போக வேண்டும்.

படி 5: திருட்டு

ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், போலோ மாதிரி எங்கும் ஓடும் வண்டிகள் திருடர்களுக்கும் பிடித்தவை. அவற்றை வாங்கினால் இன்சூரன்ஸ்காரர் டிராக்கர் கேட்கலாம். அதற்கு மாதச் சந்தா தனி. சாவி போடாமல் திறக்கும் கீலெஸ் வசதியை நான் வசதியாகவே எண்ணுவதில்லை, சாவியின் சிக்னலை வாங்கிப் பெருக்கியே திறந்துவிடுகிறார்கள். மாலில் ரிமோட்டை அழுத்தியபின் கதவை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பூட்டு சிக்னலைத் தடுக்கும் கருவியோடு ஆள் நிற்பது உண்டு. ரோபோவில், அதாவது சிக்னலில், நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்குவதும் சகஜம். அதற்குக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாம். அது பிற்பாடு செய்துகொள்ளக்கூடியது என்பதால் அதற்காக ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

படி 6: கியர்

ஆட்டோமேட்டிக் சுகம்தான். ஆனால் மலிவான கார்களில் வருவது பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது சாதா கியர்பாக்ஸையே இயந்திரம் நமக்காக மாற்றித் தருவது. கியர் மாறும்போது தலை ஒருமுறை முன்னால் போய் வரும். சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் மாதிரி மேடான தெருக்களில் குடியிருந்தால், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தால் உங்கள் உரிமமும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான்.

தொடுதிரை, கண்ணாடிக் கூரை, உள்விளக்கு நிறம் எல்லாம் இதற்குப் பிறகு. ஏசி மட்டும் ஒழுங்காக வேலை செய்யட்டும், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததில்லை.

படி 7: பழைய காரா? கையால் தொட்டுப் பாருங்கள்

2022 ஏப்ரலில் டர்பனை மூழ்கடித்த வெள்ளத்தில், புரோஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையே தண்ணீரில் நின்றது. தண்ணீர் குடித்த கார்களைத் துடைத்து மெருகேற்றி விற்பவர்கள் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அங்கிள் சொல்லித் தந்த முறை இது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும், கடைசி வரை, வெளியே இழுங்கள். வெள்ளம் ஏறிய வண்டியில், வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் காப்பி நிறத்தில் கறைக்கோடு இருக்கும். கார்ப்பெட்டை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவது அபூர்வம். அப்புறம் குனிந்து சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, உபரிச் சக்கரக் குழியின் மூலையில் வண்டல் தங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் எதையோ மறைக்கிறார்கள்.

சாவியை 'ஆன்' நிலை வரை திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் விளக்குகளைப் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், ஈஎஸ்சி விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், யாரோ பல்பையோ ஒயரையோ பிடுங்கியிருக்கலாம். கதவு ரப்பரை விலக்கிப் பார்த்து, ஓரத்தில் பெயின்ட் தூவல் படிந்திருந்தால் அந்தப் பக்கம் இடிபட்டிருக்கிறது.

டயரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1 மி.மீ. இருந்தால் போதும், மழைக்கு அது போதாது. கடலோர வண்டிக்கு அடிப்பக்கத் துருவையும், கௌட்டெங் வண்டிக்குக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த சிறு பள்ளங்களையும் வெயிலில் சாய்வாக நின்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? டெக்ரா, ஏஏ போன்ற இடங்களில் காசு கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். 'அதெல்லாம் எதுக்கு?' என்று விற்பவர் இழுத்தால் நடையைக் கட்டுங்கள்.

படி 8: காகிதங்கள்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள் வண்டியைத் தங்கள் பெயரில் பதிய, டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்க வேண்டும். இதைக் காரைத் தேட ஆரம்பிக்கும் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். பதிவுச் சான்றில் கோடு 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோடு 3 என்றால் ஒருமுறை கழித்துக்கட்டி மறுபடி கட்டி எழுப்பியது. இன்சூரன்ஸ், மறுவிற்பனை இரண்டிலும் இடிக்கும், தொடாதீர்கள். விற்பவருக்குக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தீர்வுக் கடிதம் பார்க்காமல் பணம் மாற வேண்டாம்.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைக்குச் சரிசெய்தலோ மாற்றோ பணமோ கேட்கலாம். தனியாரிடம் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று எழுதி வாங்கினால் உள்ளது உள்ளபடி, பிறகு சண்டை போடுவது கடினம். விலை ஒத்துவந்தபின், வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்தி சான்றை யார் எடுப்பது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, 21 நாளுக்குள் உரிமை மாற்றத்தைப் பதியுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வண்டி லைசென்ஸ் டிஸ்க்கின் தேதியையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பழைய உரிமையாளரின் அபராத பாக்கி ஏதாவது தொங்கினால் கவுன்ட்டரில் அப்போதுதான் தெரியும், அவர் நம் போனை எடுப்பதும் விற்ற அந்த முதல் சில நாட்களில்தான்.